பட்டாணிச் செடியும் பதினாறு பக்கமும்

வாரப் பத்திரிகை வாங்கும் வீடுகளில், அது வந்து விழுந்ததும் யார் முதலில் படிப்பது என்று ஒரு சிறு யுத்தம் நடப்பதுண்டு. யுத்தத்தில் ஜயித்தவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பக்கங்களைப் புரட்டுகிறார். ஓரிடத்தில் அவர் கை நின்றுவிடுகிறது. ஏன் நின்றது என்று கேட்டால், "தலைப்பு நன்றாக இருந்தது" என்பார். அல்லது, "படம் கண்ணில் பட்டது" என்பார். தம் கை தானாகவே நின்றதாகத்தான் அவருக்கு நினைப்பு. உண்மையில், அந்த இடத்தில் அது நிற்க வேண்டும் என்று வேறொருவர் முன்கூட்டியே தீர்மானம் செய்திருக்கிறார். தலைப்பு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், சித்திரம் இடப் பக்கம் வருவதா வலப் பக்கம் வருவதா, எவ்வளவு இடத்தை வெறுமையாக விடுவது என்றெல்லாம் அவர் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார். கதை எழுதியவரின் பெயர் கொட்டை எழுத்தில் வருகிறது. சித்திரக்காரர் மூலையில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். பக்கத்தை அமைத்தவரின் பெயரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அப்படிப்பட்ட ஒருவரிடம் நான் கடமைப்பட்டிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்து அத்தியாயத்தில், பல வருஷங்களுக்கு முன் வீட்டை விட்டுப் போனவள் திரும்பி வந்து வாசல் கதவைத் தட்டுகிறாள். கதவு திறக்கிறது. திறந்தது யார் என்பதில்தான் கதையே இருக்கிறது. மாலையில் பத்திரிகைக் காரியாலயத்திலிருந்து டெலிபோன் வந்தது.

"சார், கதவு திறக்கிற வரி வலது பக்கத்துல கடைசியா வந்து நிக்குது. நீங்க சரின்னு சொன்னா, படத்தை அரை அங்குலம் பெரிசு பண்ணிடறேன். அந்த வரி பின்பக்கத்துக்குப் போயிடும்."

"போனால் என்ன?" என்றேன்.

"வாசகர் தாளைத் திருப்பினாத்தான் கதவு திறக்கும் சார்."

ஒரு கணம் என்னால் பேச முடியவில்லை. சொல்லுக்குச் சொல் நான் பார்த்துப் பார்த்து எழுதியிருந்த கட்டத்தில், நான் நினைத்தே பார்த்திராத ஒரு காரியத்தை அவர் அரை அங்குலத்தில் செய்துவிட்டார். அந்த வாரம் வந்த கடிதங்களில் மூன்று பேர் அந்தக் கதவைப் பற்றியே எழுதியிருந்தார்கள். பாராட்டு முழுவதும் எனக்குத்தான் வந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விஷயம் சமீபத்தில் எனக்கு மறுபடியும் ஞாபகம் வந்ததற்குக் காரணம், எங்கள் தெருவில் இருக்கும் ஒரு நண்பரின் பெண். வடக்கே ஒரு ஊரில் வடிவமைப்புக் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது, அந்த வருஷம் தான் செய்த இரண்டு வேலைகளைக் கொண்டுவந்து காட்டினாள். ஒன்று, பத்து விநாடி ஓடும் ஒரு கார்ட்டூன் படம். ஒரு பாட்டி மழையில் குடையை விரிக்கிறாள், அவ்வளவுதான் கதை. மற்றொன்று, 16 பக்கங்கள் கொண்ட ஒரு சின்னப் பத்திரிகை. இரண்டையும் செய்து முடித்தபின், அவற்றிலிருந்து என்ன கற்றுக்கொண்டாள் என்பதையும் அவளே யோசித்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

பத்து விநாடிப் படம் என்றதும் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. ஒரு சித்திரத்தை இரண்டிரண்டு பிரேமுக்கு வைத்துக்கொண்டாலும், பத்து விநாடிக்கு 120 சித்திரங்கள் வேண்டும். அத்தனையையும் அவள் கையாலேயே போட்டிருந்தாள்.

"குடை விரியறதை வரையறதுகூடக் கஷ்டமா இல்லை, மாமா. விரிக்கறதுக்கு முன்னாடி பாட்டி ஒரு கணம் சும்மா நிக்கணும். அந்தக் கணம் எவ்வளவு நேரம்னுதான் தெரியலை. 8 பிரேம் வச்சா சாவி கொடுத்த பொம்மை மாதிரி இருக்கு. 24 வச்சா படமே நின்னுபோச்சோன்னு தோணுது. 14-ல பாட்டிக்கு உயிர் வந்துடுச்சு" என்றாள்.

பிறகு பத்திரிகையைப் பிரித்து, பத்தாம் பக்கத்தைக் காட்டினாள். அதில் அநேகமாக ஒன்றுமே இல்லை. அடியில் ஒரே ஒரு வரி. "இதுவும் அந்த 14 பிரேம்தான்" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர், கணக்கு இலாகாவில் முப்பது வருஷம் உழைத்தவர். காலிப் பக்கத்தைக் கண்டால் அவருக்கு மனசு பொறுக்காது. "பொம்மை போடறதுக்கும் பேப்பர் மடிக்கறதுக்கும் நாலு வருஷப் படிப்பா? பீஸ் எவ்வளவு தெரியுமா உங்களுக்கு?" என்று என்னிடம் கேட்டார். பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது.

அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அதில் நியாயமும் இருந்தது. அசைகிற படம் வேறு, அசையாத காகிதம் வேறு. இரண்டையும் ஒரே மாணவியிடம் ஒரே வருஷத்தில் ஏன் கொடுக்கிறார்கள்? இதற்குப் பதில் தேடிப் பழைய சரித்திரத்தைப் புரட்டியபோது, நூற்று முப்பது வருஷங்களுக்கு முன்பு பரோடாவில் படித்த ஒரு மாணவர் எதிரே வந்து நின்றார்.

அவர் பெயர் துண்டிராஜ் கோவிந்த் பால்கே. இந்திய சினிமாவின் தந்தை என்று நாம் கொண்டாடும் தாதா சாகேப் பால்கேதான். 1870-ல் நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில் பிறந்தவர். 1885-ல் பம்பாய் ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு பரோடா போனார். அங்கே மகாராஜா சயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவில் 1890-ல் கலாபவன் என்ற கல்விக்கூடம் தொடங்கியிருந்தது. சித்திரம், புகைப்படம், அச்சுக்கலை என்று பால்கே அந்நாளில் கைவைக்காத வித்தை இல்லை. அவருடைய தகப்பனார் சம்ஸ்கிருத பண்டிதர். பிள்ளை காமிராவும் ரசாயனமுமாகத் திரிவதைப் பார்த்து அந்தக் குடும்பத்திலும் யாராவது என் நண்பரைப் போல் ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

பால்கேயின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1913-லிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கோ அதற்கு முந்திய பால்கேயிடம்தான் ஈடுபாடு அதிகம். அந்தப் பால்கே ஓர் அச்சுக்காரர். கொஞ்ச காலம் தொல்பொருள் இலாகாவில் சித்திரம் வரைபவராக இருந்துவிட்டு, சுதேசி இயக்கம் கொழுந்துவிட்ட நாட்களில் அந்தச் சர்க்கார் உத்தியோகத்தை உதறிவிட்டு, அச்சுத் தொழிலில் இறங்கினார். லோனாவ்லா பக்கத்தில் இயங்கிய ரவிவர்மா அச்சகத்துக்காகக் கல் அச்சு வேலைகள் செய்து கொடுத்தார். 1909-ல் வர்ண அச்சு யந்திரங்களைப் பற்றி அறிந்து வருவதற்காக ஜெர்மனிக்கும் போய் வந்தார்.

ரவிவர்மா அச்சகம் என்றதும் நம்மில் பலருக்குப் பாட்டி வீட்டுக் கூடம் ஞாபகம் வந்திருக்கும். தாமரையில் நிற்கும் லக்ஷ்மி, வீணையோடு அமர்ந்த சரஸ்வதி. தமிழ்நாட்டு வீடுகளிலும் அந்தப் படங்கள் மஞ்சள் குங்குமத்தோடு சுவரில் இருந்தன. அவை எப்படி அச்சாயின என்பது தெரிந்தால், நம் கதைக்கு ஒரு சாவி கிடைக்கும்.

அந்தப் படங்களுக்கு ஒரு வர்ணத்துக்கு ஒரு கல் வேண்டும். மஞ்சள் கல்லில் மஞ்சள் விழ வேண்டிய இடங்கள் மட்டும் இருக்கும். சிவப்புக் கல்லில் சிவப்பு மட்டும். ஒரே காகிதம் ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அணுப்பிசகாமல் அதே இடத்தில் உட்கார வேண்டும். இதை அச்சுக்கூடத்தில் "ரிஜிஸ்டர்" என்பார்கள். ரிஜிஸ்டர் ஒரு நூலிழை தப்பினால் என்ன ஆகும் என்பதை மலிவான காலண்டர்களில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முருகனின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறிக்கொண்டிருக்கும். வள்ளியின் புடைவைக் கரை அவள் முழங்கைக்கு வெளியே மிதக்கும்.

பத்திரிகையில் புகைப்படத்தை அச்சிடுவதற்கும் ஒரு தந்திரம் உண்டு. மை என்பது ஒன்று கறுப்பாக விழும், அல்லது விழாது; அதில் சாம்பல் நிறம் கிடையாது. ஆகையால் படத்தைப் பொடிப் பொடிப் புள்ளிகளாக உடைத்துவிடுகிறார்கள். பெரிய புள்ளிகள் உள்ள இடம் இருட்டாகவும், சின்னப் புள்ளிகள் உள்ள இடம் வெளிச்சமாகவும் தோன்றுகிறது. இதற்கு "ஆஃப்டோன்" என்று பெயர். பூதக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அங்கே முகமும் இல்லை, மூக்கும் இல்லை, புள்ளிகள்தாம். கண்ணாடியை எடுத்துவிட்டால், நம் கண் அந்தப் புள்ளிகளைச் சேர்த்து ஒரு மனிதரைப் பண்ணிக்கொள்கிறது.

இப்போது சினிமாவுக்கு வருவோம். திரையில் அசைவு என்று ஒன்று கிடையாது. அசையாத படங்கள் வரிசையாக வருகின்றன; கண் அவற்றைச் சேர்த்து ஒரு நடையைப் பண்ணிக்கொள்கிறது. ஆஃப்டோன் பிளாக் செய்தவனுக்கு இது புது விஷயமா, சொல்லுங்கள்! அங்கே புள்ளி, இங்கே பிரேம். இரண்டிலும் தொழிலாளி பாதி வேலையைச் செய்கிறான். மீதிப் பாதியைப் பார்க்கிறவனின் கண்ணிடம் விட்டுவிடுகிறான்.

1911-ல் பம்பாயில் ஒரு கொட்டகையில் ஏசுநாதரின் வாழ்க்கையைப் பற்றிய படத்தைப் பார்த்தார் பால்கே. ஏசுநாதரைப் பார்த்துக்கொண்டே அவர் மனம் கிருஷ்ணனையும் ராமனையும் திரையில் ஓடவிட்டுப் பார்த்தது. 1912-ன் தொடக்கத்தில் லண்டன் போனார். ஒரு காமிராவோடு திரும்பி வந்தார். கையில் பணமில்லை. நம்மூர் ஆட்களைக் கொண்டு சினிமா எடுக்க முடியும் என்பதை யாரும் நம்பவில்லை. நம்ப வைப்பதற்கு அவர் என்ன செய்தார் தெரியுமா?

ஒரு தொட்டியில் பட்டாணியை விதைத்தார். அதன் எதிரே காமிராவை நிறுத்தினார். விட்டுவிட்டு, ஒவ்வொரு பிரேமாக, ஒரு மாதத்துக்கு மேல் படம் பிடித்தார். ஓட்டிக் காட்டியபோது விதை வெடித்து, முளை எழுந்து, கொடியாக நீண்டு, ஒரு நிமிஷ நேரத்தில் செடியாகி நின்றது. அதைப் பார்த்த ஒரு நண்பர், புகைப்படச் சாமான் வியாபாரி, பணம் கொடுக்க முன்வந்தார். அந்தப் பணமும், மனைவியின் நகைகளும் சேர்ந்து ‘ராஜா ஹரிச்சந்திரா’ ஆயின. 1913 மே 3-ந் தேதி பம்பாய் கொரனேஷன் கொட்டகையில் அது வெளியாயிற்று.

ஹரிச்சந்திரன் சரித்திரத்தில் இடம் பிடித்துவிட்டான். எனக்குப் பட்டாணிச் செடியின் மேல்தான் பிரியம். ஒரு மாதத்துக்கு மேல் அந்தத் தொட்டியும் நகரக் கூடாது, காமிராவும் நகரக் கூடாது. நகர்ந்தால் செடி திரையில் துள்ளிக் குதிக்கும். அதற்கு வேண்டிய பொறுமையும் கைக் கட்டுப்பாடும் அவருக்கு எங்கிருந்து வந்தன? கல் மேல் கல்லாக ஒரே காகிதத்தை அதே இடத்தில் உட்கார வைத்த அச்சுக்கூடத்திலிருந்துதான் வந்தன என்பது என் அபிப்பிராயம். கார்ட்டூன் படம் வரைகிறவர்களும் இதே ரிஜிஸ்டரைத்தான் கும்பிடுகிறார்கள். தாள்களில் துளையிட்டு, மேஜையில் பதித்த முளைகளில் மாட்டிக்கொண்டு, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வரைகிறார்கள். துளை தப்பினால் பாட்டி குடையோடு சேர்ந்து ஆடுவாள்.

1915-ல், முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, பால்கே தீக்குச்சிகளைக் கொண்டு ஒரு குட்டிப் படம் செய்தார். குச்சியைக் கொஞ்சம் நகர்த்துவது, ஒரு பிரேம் எடுப்பது, மறுபடி நகர்த்துவது. மராத்தியில் அதற்கு ‘அக்காட்யாஞ்சி மௌஜ்’ என்று பெயர். தீக்குச்சிகளின் கேளிக்கை என்று சொல்லலாம். நம் நாட்டு அனிமேஷனின் வம்சாவளியை எழுதுகிறவர்கள் அந்தத் தீக்குச்சிகளிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

பம்பாயில் ஹரிச்சந்திரன் வெளியான அதே 1913-ல், தேசத்தின் மறு கோடியில் கல்கத்தாவில் ஒரு குழந்தைப் பத்திரிகை பிறந்தது. பெயர் ‘சந்தேஷ்’. வங்காளியில் அதற்குச் செய்தி என்றும் அர்த்தம், அவர்களுடைய பேர்போன பால் இனிப்பு என்றும் அர்த்தம். அதைத் தொடங்கியவர் உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி. அவரே எழுதினார், அவரே சித்திரம் போட்டார், சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டார். தம் புத்தகத்தில் வந்த சித்திரங்கள் மோசமாக அச்சானதைப் பார்த்துப் பொறுக்காமல் ஆஃப்டோன் வித்தையைத் தாமே ஆராயத் தொடங்கியவர் அவர். அந்த ஆராய்ச்சியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் இங்கிலாந்தில் ‘பென்ரோஸ்’ ஆண்டு மலரில் வெளியாயின. மகன் சுகுமார் ரேயை 1911-ல் இங்கிலாந்துக்கு அனுப்பி அச்சுக்கலை படிக்க வைத்தார். தகப்பனார் 1915-ல் போய்விட்டார். மகனும் 1923-ல் இளம் வயதிலேயே போய்விட்டார். அப்போது பேரனுக்கு இரண்டு வயது. அச்சகமும் கைவிட்டுப் போயிற்று.

அந்தப் பேரன்தான் சத்யஜித் ரே. 1940-ல் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தில் சேர்ந்து சித்திரம் பயின்றார். பரோடாவில் ஒரு கலாபவன், சாந்திநிகேதனத்தில் ஒரு கலாபவன். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! படிப்பை முடிக்காமலே 1942-ல் கல்கத்தா திரும்பினார். 1943-ல் கீமர் என்ற வெள்ளைக்கார விளம்பரக் கம்பெனியில் 80 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தார். பிஸ்கோத்துக்கும் தேயிலைக்கும் விளம்பரம் செய்கிற உலகம் அது. பக்கத்தை எப்படி அமைப்பது என்பதுதான் அவருடைய தினசரிக் கவலை. அதோடு சிக்னெட் பதிப்பகத்துக்குப் புத்தக அட்டைகளும் சித்திரங்களும் செய்து கொடுத்தார். அப்படி வந்த வேலைகளில் ஒன்று, விபூதிபூஷணின் ‘பதேர் பாஞ்சாலி’யைக் குழந்தைகளுக்காகச் சுருக்கிய பதிப்பு. அதற்குச் சித்திரம் போடும்போதுதான் அந்த நாவல் அவரைப் பிடித்துக்கொண்டது.

பிற்பாடு அதைப் படமாக எடுக்கப் பணம் தேடி அலைந்தபோது, ரேயின் கையில் வழக்கமான திரைக்கதை இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் நிறையச் சித்திரங்கள் இருந்தன. காட்சிக்குக் காட்சி, கண் எங்கே போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதையெல்லாம் வரைந்து வைத்திருந்தார். பால்கே பட்டாணிச் செடியைக் காட்டினார். ரே நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். பட்டாணிக்குக் கிடைத்த மரியாதை நோட்டுப் புத்தகத்துக்கு உடனே கிடைக்கவில்லை. 1955-ல்தான் படம் வெளிவந்தது. உலகப் புகழ் வந்த பின்பும் மனிதர் அச்சு மையை மறக்கவில்லை. 1961-ல், நின்றுபோயிருந்த ‘சந்தேஷ்’ பத்திரிகையைக் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயாவோடு சேர்ந்து மறுபடி ஆரம்பித்தார். அதற்குக் கதை எழுதுவதும் சித்திரம் போடுவதும் அவருக்குச் சினிமாவுக்குக் குறைந்த வேலையாகத் தோன்றவில்லை.

இவர்கள் எல்லோரும் தாமாகத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டவர்கள். இந்த வித்தைகளைப் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லித்தர முடியும் என்ற எண்ணம் சுதந்திரத்துக்குப் பிறகுதான் நம் சர்க்காருக்கு வந்தது. 1956-ல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சி கொடுப்பதற்காக, அமெரிக்க உதவித் திட்டத்தின் கீழ் கிளேர் வீக்ஸ் என்பவர் வந்தார். டிஸ்னி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். நம் நாட்டிலேயே பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர். அவர் இங்கே வந்து எலியையும் வாத்தையும் வரையச் சொல்லவில்லை. புத்த ஜாதகக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு ‘பனியன் டீர்’ என்ற படத்தை நம் இளைஞர்களைக் கொண்டே 1957-ல் உருவாக்கினார். அவரிடம் பயின்றவர்களில் ஒருவரான ராம் மோகன், பிறகு அறுபது வருஷம் இந்தத் துறையின் மூத்த ஆசானாக விளங்கினார், 2019-ல் காலமானார்.

1958-ல் அமெரிக்காவிலிருந்து சார்ல்ஸ் ஈம்ஸ் என்ற வடிவமைப்பாளரும் அவருடைய மனைவி ரே ஈம்ஸும் நம் சர்க்காரின் அழைப்பில் வந்தார்கள். நாடு முழுவதும் சுற்றிப் பார்த்துவிட்டு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். இந்தியாவில் தாங்கள் பார்த்தவற்றுள் மிக அழகான பொருள் என்று அவர்கள் எதைச் சொன்னார்கள் என்று நினைக்கிறீர்கள்? தாஜ்மகாலையா? இல்லை. நம் வீட்டு அடுக்களையில் கிடக்கும் செம்பைத்தான்! எவ்வளவு தண்ணீர் கொள்ளும், இடுப்பில் எப்படி உட்காரும், ஊற்றும்போது எப்படிச் சாயும், கழுவுவதற்குக் கை உள்ளே போகுமா, என்ன விலை என்று ஒரு செம்புக்குப் பின்னால் எத்தனை தலைமுறைகளின் யோசனை இருக்கிறது என்று அவர்கள் அடுக்கிக்கொண்டே போனார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் ஏற்பட்டது. பிறகு அதன் வழியைப் பார்த்து எத்தனையோ கல்லூரிகள் வந்துவிட்டன.

செம்பைச் செய்தவனுக்கும் பெயர் கிடையாது என்பதைக் கவனித்தீர்களா?

இந்த இரண்டு கிளைகளும் ஓரிடத்தில் சந்தித்ததைச் சொல்லாமல் விட முடியாது. 1977-ல் சத்யஜித் ரே, பிரேம்சந்தின் கதையை வைத்து ‘சத்ரஞ்ச் கே கிலாடி’ என்ற ஹிந்திப் படத்தை எடுத்தார். கும்பினியார் நம் ராஜ்யங்களை ஒவ்வொன்றாக விழுங்கிய சரித்திரத்தை அதில் சொல்ல வேண்டியிருந்தது. யுத்தக் காட்சிகள் எடுப்பதற்குப் பதிலாக, அந்தப் பகுதியைக் கார்ட்டூனாகவே செய்துவிட்டார். ராஜ்யங்கள் செர்ரிப் பழங்களாக வெள்ளைக்காரன் வாய்க்குள் போகின்றன. அந்தக் கார்ட்டூன் பகுதியை அசைய வைத்தவர் ராம் மோகன். அச்சுக்காரரின் பேரனும், கார்ட்டூன் பிரிவின் மாணவரும் ஒரே திரையில் கைகோத்துக்கொண்டார்கள்.

இவ்வளவையும் நான் என் நண்பரிடம் ஒரு சாயங்காலம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, இப்ப எல்லாம் கம்ப்யூட்டர் செஞ்சுடுதே" என்றார். அதுவும் உண்மைதான். இரண்டு சித்திரங்களைக் கொடுத்தால் நடுவில் வர வேண்டிய சித்திரங்களை இன்று யந்திரமே போட்டுக் கொடுக்கிறது. பக்கங்களுக்கும் தயார் அச்சுகள் இருக்கின்றன; மேட்டரை ஊற்றினால் போதும். பாட்டி எத்தனை பிரேம் சும்மா நிற்க வேண்டும் என்பதை மட்டும் யாராவது உட்கார்ந்து, எட்டு வைத்துப் பார்த்து, இருபத்துநாலு வைத்துப் பார்த்து, மனசுக்குச் சரி என்று படுகிற வரையில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு மனிதரின் கண் எங்கே அலுத்துப்போகும், எங்கே ஆவலாகும் என்று அவருக்கு முன்னாலேயே போய் நின்று பார்க்கிற வித்தை இது. பத்து விநாடிப் படத்திலும் 16 பக்கத்திலும் அந்தப் பெண் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள். கதை எழுதுகிற எனக்கும் வேறு வித்தை தெரியாது. இதற்கு நாலு வருஷம் அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

நண்பர் மறுத்துப் பேசவில்லை. ஒப்புக்கொண்டதாகவும் சொல்லவில்லை. "பத்தாம் பக்கத்தில் ஏதாவது ஒரு படமாவது போட்டிருக்கலாம்" என்று மட்டும் முணுமுணுத்தார்.

பால்கேயின் கடைசிக் காலம் சந்தோஷமாக முடியவில்லை. பேசும் படம் வந்ததும் அவருடைய பாணி பழசாகிவிட்டது. 1937-ல் ‘கங்காவதரணம்’ என்ற படத்தை எடுத்ததோடு சரி. 1944-ல் நாசிக்கில் காலமானார். அவர் பெயரால் விருது ஏற்பட்டது 1969-ல்தான். பட்டாணிச் செடிப் படமும் தீக்குச்சிப் படமும் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. ஒரு மாதத்துக்கு மேல் நகராமல் நின்ற அந்தத் தொட்டியைப் பற்றிய செய்திதான் மிஞ்சியிருக்கிறது.

அந்தச் செய்திக்குள் இன்னொருவரும் இருக்கிறார். அந்தக் காலத்தில் வந்த பச்சை பிலிமில், இப்போது ஓரங்களில் வரிசையாகக் காணப்படும் துளைகள் இருக்கவில்லை. வாங்கியவர்களே இருட்டில் உட்கார்ந்து துளை போட்டுக்கொள்ள வேண்டும். பால்கேயின் வீட்டில் அந்த வேலையைச் செய்தவர் அவர் மனைவி சரஸ்வதிபாய். பகலில் படத்தில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டுவிட்டு, வெயிலில் வெள்ளைத் துணியைப் பிடித்து நின்றுவிட்டு, இரவில் விளக்கில்லாத அறையில் கையால் தடவித் தடவி பிலிமுக்குத் துளை போட்டார். ஒவ்வொரு பிரேமும் அதே இடத்தில் வந்து நிற்பது அந்தத் துளைகளால்தான். அவர் கை ஒரு நூலிழை தப்பியிருந்தால், ஹரிச்சந்திரன் சிம்மாசனத்தோடு சேர்ந்து ஆடியிருப்பான்.